வாயை மட்டும் ஏன் விசாரிக்கிறீர்கள்?

சுகர் மீட்டர் 300-ஐத் தாண்டிக் காட்டினால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்னாத்தடா சாப்ட்ட?" ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பதும் அதே. க்ளினிக்கில் எடை பார்க்கும் நர்ஸம்மா கேட்பதும் அதே. தொனி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் கேட்கும்போது, ஜிலேபியை ஒளித்து வைத்துத் தின்றவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி தெரியும்.

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். கல்லூரியில் சேர்ந்த புதிதில் வந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தின்று தீர்த்துவிடும். இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வருவதல்ல இது. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் ராத்திரி ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன் வேகமான இன்சுலின் மூன்று வேளை. மாத்திரையில் ஓட்டுகிற வழி எங்களுக்குக் கிடையாது.

இத்தனைக்கும் சர்க்கரை நோய் விஷயத்தில் வடசென்னை ஒன்றும் தெரியாத ஊர் இல்லை. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனி க்ளினிக் தொடங்கினார். 1954-ல் அவர் ஆரம்பித்த மருத்துவமனை ராயபுரத்தில் இன்றும் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாட்டிமார்கூட ஃபாஸ்டிங் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று தண்ணி லாரிக்கு நிற்கும்போது பேசிக்கொள்வார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இன்சுலின் சுரந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாத டைப் 2. அதில் பெரும்பாலும் வாயைக் கட்டினால் மீட்டரில் தெரியும். அதனால்தான் எங்களைப் பார்த்தாலும் விசாரணை வாயிலேயே தொடங்கி வாயிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரே நேரத்தில் எழுந்து, அதே மூன்று இட்லி, அதே சட்னி, அதே யூனிட் இன்சுலின். ஒரு நாள் இரண்டு மணி நேரம் கழித்து 130, மறுநாள் 280. நான் வேலை செய்வது பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். எங்கள் தொழிலில் கணக்கு இடித்தால் எங்கேயோ ஒரு என்ட்ரி விட்டுப்போயிருக்கும், தேடினால் அகப்படும். உடம்பையும் அப்படியே நினைத்து நோட்டுப் போட்டு எழுதிவந்ததில் பல காரணங்கள் அகப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் சாப்பாட்டுத் தட்டில் இல்லை.

முதல் சந்தேகம் கையின் மேலேயே வர வேண்டும். மே மாதம் வீட்டில் பங்கனபள்ளி நறுக்கிக்கொண்டிருந்தால், அந்த விரலைக் குத்திப் பார்க்கும் சொட்டில் பழச் சாறும் கலந்துவிடும். பழத்தை வாயில் வைக்காமலே மீட்டர் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது, தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்த கைதான் நம்பகமானது. பொய்யான 280-ஐ நம்பிக் கூடுதல் யூனிட் போட்டுவிட்டால், ஒரு மணி நேரத்தில் சுகர் தாழ்ந்து கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். அதனால் எண் திடுக்கிட வைத்தால் கை கழுவிவிட்டு இன்னொரு விரல், மீட்டரில் செருக இன்னொரு ஸ்ட்ரிப். இது காசு கொஞ்சம் தின்னும் பழக்கம், ஆனாலும் விடுவதாக இல்லை.

அடுத்தது மருந்து. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் குப்பியோ ஊசிப் பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் சொல்லவே வேண்டாம். மோசம் என்னவென்றால், வெந்துபோன இன்சுலின் பார்வைக்குப் புதுசு போலவே தெளிவாக இருக்கலாம். ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு ஒட்டி வைத்து உறைந்துபோனதும் அப்படித்தான், உருகிய பிறகும் அது உதவாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண் பானைதான் நல்ல வழி. ஈர மணல் பரப்பிய பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி. வெளியில் கொதிக்கிற நாளிலும் உள்ளே பல டிகிரி குறைந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் தண்ணீர் நின்று கரன்ட் போனது. ஃப்ரிட்ஜ் நின்றதும் வீட்டில் எல்லோரும் இன்சுலின் கெட்டுவிடும் என்று பதறினார்கள். டிசம்பர் மழையில் அறை வெப்பமே 25-ஐ ஒட்டித்தான் இருக்கும், இன்சுலின் அதைத் தாங்கும். எனக்கு வேறு பயம். கடைகள் மூடிக் கிடக்க, கையிருப்பில் ஊசி எத்தனை, ஸ்ட்ரிப் எத்தனை என்பதுதான். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் ஈரக் காற்று புகுந்தாலும் மீட்டர் உளறும். வெள்ளம் பேப்பரில் வரும், டிவியில் வரும். கத்திரி வெயிலில் கெட்டுப்போகும் குப்பிகள் எதிலும் வருவதில்லை.

சிரிஞ்சு விஷயம் இன்னும் பலருக்குத் தெரியாமல் இருப்பது ஆச்சரியம். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் வலிமைக்கு ஆரஞ்சு மூடி. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருக்கு மருந்துக்கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டதென்று ஆரஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். 40 குப்பியிலிருந்து அந்தக் கோட்டில் வருவது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போக, மருமகள் சாதத்தைக் குறைத்துக்கொண்டே போனார். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து: 100 குப்பி மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். குப்பியின் எண்ணும் மூடியின் நிறமும் பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து வினாடி ஆகாது.

காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். டைப் 2, ஆனால் காலையும் ராத்திரியும் இன்சுலின். அளவு ஏறிக்கொண்டே போயும் ஒரு நாள் 90, ஒரு நாள் 350 என்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வலை காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "எங்கண்ணே போடுறீங்க?" என்று கேட்டேன். பனியனைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு வலப்புறம், எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு. அதன் மேல் தோல் கொஞ்சம் மினுங்கியது. பொடிப் பொடியாக ஊசிப் புள்ளிகள், எல்லாம் ஒரே வட்டத்துக்குள். விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் மெதுவாக எழும்பியது.

"இங்க போட்டா வலிக்கவே மாட்டேங்குது தம்பி. அதான் இங்கயே போட்டுக்கினு கீறேன்."

வலிக்காததற்குக் காரணம் அந்த மேடுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கினால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிடும், அங்கே உணர்ச்சியும் குறைவு. அதற்குள் போகும் மருந்து ஒரு நாள் தேங்கி நிற்கும், இன்னொரு நாள் சடாரென்று ரத்தத்தில் கலக்கும். ஒரே ஊசியை மழுங்கும் வரை பயன்படுத்தினால் இது சீக்கிரம் வரும். அண்ணன் மறுநாளே இடப்பக்கம் புதுத் தோலில் அதே பழைய அளவைப் போட்டுவிட்டார். அன்று மத்தியானம் சுகர் தாழ்ந்து துறைமுகத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் டீக்கடைக்கு ஓடி சர்க்கரையை அள்ளி வந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். மேட்டிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மாற வேண்டும். இப்போது வயிறு இரண்டு பக்கம், தொடை இரண்டு பக்கம் என்று சுற்றிப் போடுகிறார். மேட்டைத் தொடுவதே இல்லை.

அவர் போடுவது கலங்கலான கலவை இன்சுலின். அதை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தலைகீழாகச் சாய்த்து, முழுக்கப் பால் வெள்ளையாக வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். அடியில் படிந்திருந்தால் இன்றைக்கு ஓர் அளவு, நாளைக்கு ஓர் அளவுதான் கிடைக்கும். குலுக்கக் கூடாது, உருட்ட வேண்டும்.

உடம்புக்குள் நடக்கிற காரணங்களும் உண்டு. விடியற்காலையில் உடம்பே எழுவதற்குத் தயாராகும்போது கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும், ஈரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும். ராத்திரி 120-ல் படுத்து, ஒன்றும் தின்னாமல் 210-ல் எழுவது இப்படித்தான். பல் வேரில் சீழ், சிறுநீர்த் தொற்று, லேசான காய்ச்சல், எல்லாம் இன்சுலின் தேவையைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஏறுவதைப் பல டாக்டர்கள் தாங்களாகக் கேட்பதில்லை. தோள்வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நாள்கணக்கில் சர்க்கரையை ஏற்றி வைக்கும். வலி போன சந்தோஷத்தில் யாரும் அதை நினைப்பதில்லை.

சரி, வாய்க்குப் பங்கே இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நமக்குக் கொடுத்த அத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கியது, எண்ணெய், முட்டை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் 140, சமர்த்தாக இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு 290. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. வேக இன்சுலினோ அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். பரோட்டா சால்னாவும் இதே கட்சி. எனக்கு அத்தோவை விட மனமில்லை. அதற்கு ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் திட்டாமல் சொன்னார்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் ஏறும் நாட்கள் இருக்கின்றன. ஒரே ஆளுக்கு, ஒரே அளவு போட்டாலும், தோலிலிருந்து மருந்து ரத்தத்துக்குப் போகும் வேகம் நாளுக்கு நாள் மாறும். அதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்த நாட்களில் நான் காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறேன். ஏறியதைப் பார்த்துப் பொறுமையிழந்து அரை மணிக்கொரு ஊசி போடுவதும் இல்லை. வேக இன்சுலின் நான்கு மணி நேரம் போல உள்ளே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாகக் கீழே தள்ளும்.

ஆனால் கீட்டோன் வேறு. அங்கே "ஏன்" என்ற ஆராய்ச்சிக்கே முதலில் இடமில்லை.

இன்சுலின் போதவில்லை என்றால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்களுக்குள் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ஈரல் அதிலிருந்து கீட்டோனை உண்டாக்கும். கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை. அளவு மீறினால் ரத்தம் அமிலமாகிவிடும். குமட்டல், வயிற்றுவலி, வாந்தி, அடங்காத தாகம், அப்புறம் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாசனை. நம் ஊரில் வயிற்றுவலி என்றதும் கேஸ் என்று முடிவு கட்டி சோடா வாங்கிக் கொடுப்பார்கள். இன்சுலின் போடுகிறவருக்கு வாந்தி வந்தால் சோடாவுக்கு முன்னால் கீட்டோன் ஸ்ட்ரிப்.

சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் டப்பாவாகக் கிடைக்கும். நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் வினாடி வரை பொறுத்து, அதில் உள்ள நிறக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். சந்தன நிறம் என்றால் கீட்டோன் இல்லை. ரோஸ், அப்புறம் மெரூன், கடைசியில் கருநீலம் கலந்த ஊதா. பாத்ரூமில் மஞ்சள் பல்பு இருந்தால் ரோஸும் சந்தனமும் ஒன்றுபோலத் தெரியும். டியூப் லைட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இதில் ஒரு குறை, சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. விரலில் குத்திப் பார்க்கும் ரத்தக் கீட்டோன் மீட்டர் இப்போதைய நிலையைச் சொல்லும், ஆனால் அதன் ஸ்ட்ரிப் விலை அதிகம். ரத்தத்தில் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 1.5-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 3-ஐத் தொட்டால் நேரே மருத்துவமனை.

சர்க்கரை 250-க்கு மேல் இறங்காமல் நின்றாலோ, எண் என்னவாக இருந்தாலும் வாந்தி வந்தாலோ கீட்டோன் பார்ப்பது என் வழக்கம். "எண் என்னவாக இருந்தாலும்" என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்கால ராத்திரி எனக்கு வயிறு கெட்டு, சாயங்காலத்திலிருந்து ஒன்றும் நிற்கவில்லை. மீட்டரில் 150-ஐ ஒட்டித்தான் இருந்தது. ராத்திரி இன்சுலினை எடுத்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்: "வயித்துல ஒண்ணும் இல்ல, ஊசி போடாதடா." நம் வீடுகளில் எல்லோரும் அன்போடு சொல்லும் அறிவுரை இது. எங்களைப் போன்றவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கும் அறிவுரையும் இதுதான். சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேர இன்சுலினை முழுசாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீட்டோனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. போட்டுக்கொண்டு ஸ்ட்ரிப்பை நனைத்தேன், மெரூனைத் தாண்டியிருந்தது.

கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் நார்மலாத்தான் இருக்கு, கேஸ்ட்ரைட்டிஸ்தான்" என்றார். டைப் 1 என்று சொல்லி ரத்தக் கீட்டோனும், ரத்தம் அமிலமாகியிருக்கிறதா என்று காட்டும் ரத்த வாயுப் பரிசோதனையும் கேட்டு நின்றேன். பிடிவாதக்காரன் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். ரிசல்ட் வந்ததும் அவர் முகம் மாறியது, அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு பக்கம் இன்சுலின், இன்னொரு பக்கம் குளுக்கோஸ் டிரிப். "சுகர்காரனுக்குப் போயி குளுக்கோஸ் ஏத்துறாங்களே!" என்று அம்மா நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார். பட்டினியாலும் இன்சுலின் பற்றாக்குறையாலும் வந்த கீட்டோனை இறக்க இரண்டும் வேண்டும். சர்க்கரை இல்லாமல் இன்சுலினை மட்டும் ஏற்ற முடியாது.

சர்க்கரை சாதாரணமாக இருக்க, கீட்டோன் ஏறும் இன்னொரு வழி மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். டைப் 2-க்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். அதனாலேயே இன்சுலின் போடும் பெரியவர்கள் பலரிடம் இவை இருக்கின்றன. பட்டினி, வாந்தி, ஆபரேஷன் என்று வரும்போது மீட்டர் 180 காட்டிக்கொண்டிருக்க உள்ளே அமிலம் ஏறலாம். உடம்பு முடியாத நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மாத்திரை அட்டையின் பின்னால் எழுதி வைப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குறைந்த சர்க்கரையிலேயே, வேகமாகக் கீட்டோன் ஏறும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கும் கிளம்புவதற்கும் நடுவே நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் வயிற்றில் தங்குகிறது, டாக்டர் எழுதிக் கொடுத்த கூடுதல் யூனிட்டுக்குக் கீட்டோன் இறங்குகிறது, தலை தெளிவாக இருக்கிறது என்றால் வீடு. இதில் ஒன்று தவறினாலும் கிளம்பிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குக் கூடுதலாக ஒரு கணக்கு. ராத்திரியில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டான்லி இருக்கும் தூரம் திடீரென்று கூடிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று தோன்றும்போது அந்த வரிசையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது மீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் மூன்றையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி ஊசி எப்போது, எத்தனை யூனிட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டு ஆள் கையில் கொடுங்கள், வாந்திக்கு நடுவே நம்மால் சொல்ல முடியாது. சிறுநீர் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் ஆறு மாதம்தான் நம்பலாம். திறந்த தேதியை மூடி மேல் மார்க்கரில் எழுதுங்கள். பேனா மை நம்ம ஊர் வேர்வைக்கு அழிந்துவிடுகிறது.